லாஸ்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம், நின்ற நேரம் நீங்கலாக

லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கைபேசியில் கேட்டால், நேர்க்கோட்டில் சுமார் நூற்று இருபது கிலோமீட்டர் என்று ஓர் இணையதளம் சொல்கிறது. விமானத்தில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாதாம். அந்த விமானத்தில் எங்கே ஏறுவது என்று மட்டும் அது சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து அப்படி ஒரு விமானம் இல்லை. மரக்காணத்து உப்பளங்களுக்கு வந்து போகும் நாரைகளுக்குப் பயன்படக்கூடிய தகவலை மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டு, கீழே ஓட்டல் விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

சாலை வழியாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் கைபேசியிடம் கேட்பதில்லை. என்னிடம் கேட்பார்கள். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு பயணத்துக்கு ஒரு வரி: எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஆடி மாதத்தில் எவ்வளவு, ஐப்பசி மழையில் எவ்வளவு, மேம்பாலம் வருவதற்கு முன்பு எவ்வளவு என்று என்னைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது என்பதும் உண்மைதான்.

சென்ற வருடம் ஒரு நாள் என் தங்கையின் கணவர் வளவனூரிலிருந்து போன் செய்தார். அவருக்குக் கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போட்ட நிலம் இருக்கிறது. போனை வயலுக்கு எடுத்துப்போகும் வழக்கம் இல்லாதவர். ஆகவே அவரே அழைத்தால் விஷயம் பெரியது.

"மச்சான், லாஸ்பேட்டையில எறங்கி, நம்ம வூட்டுக்கு வந்து சாப்ட்டு, மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போவணும்னா எவ்ளோ நேரம் ஆவும்?"

"யாரு போறது?"

"பாப்பாதான். மஸ்கட்டுல சேரச் சொல்லிட்டாங்க."

பாப்பா என்பது அவருடைய ஒரே மகள், எனக்கு மருமகள். வயது இருபத்தாறு. ஐதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மஸ்கட் வேலைக்காக ஒன்றரை வருடம் பரீட்சை, சான்றிதழ், மருத்துவச் சோதனை என்று அலைந்து, கடைசியில் டிக்கெட் வந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து, இரவு எட்டு பத்துக்கு விமானம். அதைத் தவறவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று முகவர் எழுத்திலேயே கொடுத்திருந்தார். ஐதராபாத் வேலையிலிருந்து அவளை விடுவித்ததோ புதன்கிழமை மாலை. ஆகவே வியாழன் காலை அங்கே விமானம் ஏறி நேராகச் சென்னையில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்து, மஸ்கட் போவதுதான் புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியம். ஆனால் என் தங்கை மகளைப் பார்த்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. இனி பார்க்க இரண்டு வருடம் ஆகும். ஒரு வேளை சோறாவது வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றாள். புதுச்சேரிக்கு ஒரு விமானம் இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு இறங்கும்.

நான் ஓர் இரவு அவகாசம் கேட்டேன். பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விமானம் இறங்கி ஆள் வெளியே வர இருபத்தைந்து நிமிடம். லாஸ்பேட்டையிலிருந்து வளவனூர் நாற்பத்தைந்து நிமிடம். சாப்பாடு நாற்பத்தைந்து நிமிடம். வளவனூரிலிருந்து விழுப்புரம் இருபது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது. திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மாலை நான்கு ஐம்பதுக்கு விமான நிலைய வாசல். பெட்டி வாங்கும் கவுண்டர் மூடுவது ஏழு பத்துக்கு. கையில் இரண்டு மணி இருபது நிமிடம் மிச்சம். இதைத் தனித்தாளில் கட்டம் போட்டு எழுதி, படம் எடுத்து அனுப்பினேன்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த வாக்கியத்தை நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முயல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் பன்னிரண்டு சீட்டு வேன் ஒன்றில் லாஸ்பேட்டைக்குப் போனோம். ஒரு பெண்ணையும் ஒரு கைப்பெட்டியையும் கூட்டிவரப் பன்னிரண்டு சீட்டு எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை. வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப வேன் நிறைய ஆள் போகவேண்டும். குறைந்தால், அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று ஊர் பேசும். மாப்பிள்ளை, அவருடைய தம்பிகள் இருவர், அவர்கள் மனைவிமார், மாப்பிள்ளையின் அக்கா, அக்காவின் கணவர், என் தங்கை, நான். பக்கத்து வீட்டு அம்மா வளவனூரில் ஏறிக்கொள்வார். என் மனைவி புளிச்சோற்று மூட்டையோடு விழுப்புரத்தில் ஏறிக்கொள்வாள்.

மாப்பிள்ளையின் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கைக்கு நாத்தனார். எந்தக் காரியத்தையும் நல்ல நேரம் பார்த்துத்தான் செய்வார். எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி எடுப்பார். ஆனாலும் எந்தப் பயணத்தையும் விடமாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

"கணக்குப்புள்ள, ஏரோப்ளேனு வந்துச்சா?"

"இன்னும் பதினஞ்சு நிமிஷம்."

"உன் சீட்டுல பன்னெண்டு அஞ்சுன்னு போட்டிருந்தியே?"

"அது விமானத்தோட நேரம். நான் ஓட்டல."

பன்னிரண்டு இருபதுக்கு விமானம் இறங்கியது. மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு வேனையும் உள்ளே இருந்த தலைகளையும் பார்த்தாள்.

"மாமா, இவங்க எல்லாருமா மஸ்கட் வர்றாங்க?"

"மீனம்பாக்கம் வரைக்கும்தான்."

"பாவம் மீனம்பாக்கம்."

ஒன்று இருபத்தெட்டுக்கு வளவனூர் வந்து சேர்ந்தோம். என் கணக்குக்குப் பதிமூன்று நிமிடம் தாமதம். அதிகக் கவலை இல்லை. தங்கை இலை போட்டு, ஒன்பது வகை வைத்திருந்தாள். மருமகள் சாப்பிடுவதை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பத்துக்கு அவள் கை கழுவினாள். கிளம்பலாம் என்று எழுந்தோம். அப்போதுதான் மஸ்கட்டுக்காகத் தங்கை கட்டி வைத்திருந்த பெரிய பெட்டி வீட்டில் இல்லை என்பது தெரிந்தது.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. நாங்கள் கிளம்பவேண்டிய நேரம் அதன் நடுவில் விழுகிறது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆள் எப்போது கிளம்பினாலும் பயணம் அந்த நல்ல நேரத்திலேயே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். கோடிக்கணக்கான மைல் தொலைவிலிருந்து நம் தலையெழுத்தை நடத்தும் கிரகங்கள், ஒரு நீலநிறப் பெட்டி ஒரு வீடு நகர்ந்ததைப் பார்த்து ஏமாந்துவிடும் என்பது இதன் தத்துவம். எங்கள் தணிக்கைத் துறையில் இதற்கு முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது என்று பெயர். பிடித்தால் விளக்கம் கேட்போம்.

நாத்தனார் எங்களோடு லாஸ்பேட்டையில் நின்றபடியே, பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு மணிக்குள் பெட்டியை எடுத்துப்போய் அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த அம்மா அப்படியே செய்தார். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஏர்போர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு வரும் புடவைக்கு ரவிக்கை தையல்காரரிடம் இருந்தது. ரவிக்கை தைத்து முடிந்திருந்தது, கொக்கி வைக்கவில்லை. அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கொக்கி வைத்து வாங்கிக்கொண்டிருந்தார். போன், பூட்டிய வீட்டுக்குள் பெட்டியின் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் சன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தோம். கூடத்து நடுவில், குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தோடு இருந்தது.

"பூட்டை ஒடச்சிடலாமா?" என்றார் மாப்பிள்ளையின் தம்பி.

"நல்ல காரியத்துக்குப் போய்க்கினு இருக்கோம், பூட்டை ஒடைக்கிறியா?" என்றார் நாத்தனார். "பொட்டி கெளம்பிடுச்சி. இன்னா பேஜாரு உங்களுக்கு?"

"அத்தை, பொட்டி கெளம்பிடுச்சி. நான் கெளம்பலையே" என்றாள் மருமகள்.

பக்கத்து வீட்டு அம்மா இரண்டு ஐம்பத்தைந்துக்கு வந்தார். வந்ததும் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, ரவிக்கையை மாற்றிக்கொண்டு வர உள்ளே போனார். மூன்று ஐந்துக்கு வேன் நகர்ந்தது. ராகு காலமும் முடிந்துவிட்டதால் எல்லாம் நல்லதற்குத்தான் என்று நாத்தனார் சொன்னார். ஆகப் பரஸ்தானமும் வைத்து, ராகு காலமும் கழித்து, ஒரே பயணத்தை இரண்டு முறை தொடங்கினோம்.

மூன்று இருபத்தைந்துக்கு விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பு. என் மனைவி புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடகம், ஒரு கட்டு காகிதத் தட்டு சகிதம் நின்றாள். அவளை ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆனால் மாப்பிள்ளையின் தம்பிகள் பிள்ளையார் கோயிலில் சிதறு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் வாங்கப் போனவர்கள் வழியில் ஒரு பழைய சினேகிதரைப் பார்த்துவிட்டார்கள். அவரும் வந்து மருமகளை வாழ்த்தினார். தன் மகன் குவைத்தில் பட்ட கஷ்டத்தையும் விளக்கமாகச் சொன்னார். மூன்று ஐம்பதுக்குக் கிளம்பினோம்.

டிரைவர் வளவனூர்க்காரர், முப்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. நான் அவர் பக்கத்து சீட்டில் இருந்தேன்.

"சார், எட்டு பத்து ப்ளேனுக்கு மூணு அம்பதுக்கு விழுப்புரம் தாண்டுறோம். செரியா வருமா?"

"நாலரைக்குத் திண்டிவனம். ஆறு இருபதுக்கு ஏர்போர்ட்டு. கவுண்டரு ஏழு பத்து வரைக்கும் இருக்கு."

"நீங்க சொன்னா செரி."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு டிரைவரின் தோளைத் தட்டினார். ஏழு நிமிடம். விக்கிரவாண்டி தாண்டியதும், வாந்தி எடுத்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று வண்டி நின்றது. அவர் ஒருவர்தான் டீ குடிக்கவில்லை. பதிமூன்று நிமிடம். அங்கேயே ஆண்களில் பாதிப்பேர் சாலையோரம் இறங்கிப் போனார்கள். பெண்களுக்குச் சரியான இடம் இல்லை என்பதால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில் மறுபடி நின்றோம். எட்டு நிமிடம். இவை ஒவ்வொன்றையும் நான் கையில் இருந்த நாட்குறிப்பில் எழுதினேன்.

பங்க்கை விட்டுக் கிளம்பியதும் மருமகள் பின்னாலிருந்து எட்டி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"இன்னா மாமா எழுதறீங்க?"

"நின்ன நேரம்."

"எதுக்கு?"

"கழிக்கறதுக்கு."

அவள் கையை நீட்டினாள். நாட்குறிப்பைக் கொடுத்தேன். அதில் பின்பக்கத்தில், சென்னை விமான நிலையத்துக்கு நாங்கள் குடும்பமாகப் போன மூன்று பழைய பயணங்களை ஒப்பிடுவதற்காகப் பெயர்த்து எழுதியிருந்தேன். அவள் நோயாளியின் படுக்கைக் காலில் தொங்கும் அட்டையைப் படிப்பதுபோல அதைப் படித்தாள்.

"திண்டிவனம் டு ஏர்போர்ட்டு ஒண்ணு அம்பது. இது இன்னா நேரம் மாமா?"

"ஓட்ட நேரம்."

"அப்டீன்னா?"

"வண்டி ஓடின நேரம் மட்டும். டீ, சாப்பாடு, மத்ததெல்லாம் கழிச்சாச்சு."

"ஏன்?"

இருபத்தைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு மனதுக்குள் நியாயமான பதில் இருந்தது. நாம் டீ குடித்த நேரத்தைச் சாலையின் தலையில் கட்டக்கூடாது. ஒரு சாலைக்கு ஒரு நேரம் இருக்கிறது. அதில் மனிதர்களின் பழக்கத்தைக் கலந்தால் அது எதற்கும் உதவாத எண் ஆகிவிடும். அலுவலகத்தில் பயணப் பட்டியல் பார்க்கும்போது நான் முதலில் செய்வதும் இதுதான்: நின்ற நேரத்தை நீக்குவது. அப்படியே கை பழகிவிட்டது.

இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் அடுத்த பத்திக்குப் போயிருந்தாள்.

"போன வருஷம் சின்ன மாமாவை ஏத்திவுடப் போனப்ப, ஓட்டம் ஒண்ணு அம்பத்திரண்டு. நின்னது ஒண்ணு இருபத்தெட்டு. ஆக மூணு இருபது."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி ரெண்டு அம்பத்தஞ்சு. அதுக்கு முன்னாடி மூணு அஞ்சு."

"ஆமா."

"நாம எப்பவாச்சும் மூணு மணி நேரத்த ஒட்டிப் போகாம இருந்திருக்கோமா மாமா?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் கைபேசியில் மணி பார்த்தாள். நான்கு நாற்பத்திரண்டு. ஐந்து மணிக்குத் திண்டிவனம். அதோடு மூன்று மணி நேரம், எட்டு. கவுண்டர் மூடி ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். இந்தக் கூட்டலை நான் செய்த அதே வேகத்தில் அவளும் செய்தாள். முகம் மாறியது அவளுக்குத்தான். ஒன்றரை வருட வேலை அது. எனக்குக் கட்டம் போட்ட ஒரு தாள்.

"மாமா, இந்த வேலை போச்சுன்னா ஐதராபாத்துலயும் எடம் இல்ல எனக்கு. நேத்தே ஆள் போட்டுட்டாங்க."

குரலில் அழுகை இல்லை. தகவல் சொன்னாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அதே நேரத்தில் பின்னால் யாரோ, மேல்மருவத்தூரில் நிறுத்தினால் அங்கே டிபன் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புளிச்சோறு இருக்கும்போது டிபன் எதற்கு என்று என் மனைவி. புளிச்சோறு செங்கல்பட்டுக்கு என்று நாத்தனார்.

மருமகள் எழுந்து வேனின் நடுவில் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனைக் குரலில் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. வண்டி நிக்காம போனாத்தான் நான் மஸ்கட் போவேன். நீங்க இருந்தா வண்டி நிக்கும். திண்டிவனத்துல எல்லாரும் எறங்கிக்குங்க."

நாத்தனார் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார்.

"வழியனுப்ப வந்தவங்கள நடுரோட்டுல எறக்குவியாடி?" என்றார் நாத்தனார்.

"அத்தை, உங்களுக்கு எத்தினி தபா வாந்தி வரும்னு எனக்குத் தெரியும். நான் நர்ஸு."

"நாங்க நிறுத்தச் சொல்லாம அடக்கிக்கினு வர்றோம்" என்றார் மாப்பிள்ளையின் தம்பி.

"சித்தப்பா, இப்ப பங்க்குல நீங்கதான் கடைசியா வந்தீங்க."

அவர் மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பாதி எதிர்ப்பு கரைந்தது. மீதி இருந்தது நாத்தனார் தரப்பு. ஊர் என்ன சொல்லும், ஏர்போர்ட்டு வாசலில் யாருமில்லாமல் ஒரு பெண் தனியாகப் போனாள் என்று சொல்லமாட்டார்களா என்றார். அம்மா மட்டும் வரட்டும் என்றாள் மருமகள். அப்பா என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை கடைசி சீட்டில் இருந்தார்.

"நான் எறங்கிக்கிறேன்" என்றார். "சக்கரை இருக்கறவன் நானு. செங்கல்பட்டுக்குள்ள ரெண்டு தபா நிறுத்தச் சொல்லுவேன். நான் வேணாம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். நான் முன்சீட்டில் இருந்தேன். வழி தெரிந்த ஆள், நேரம் தெரிந்த ஆள், டிரைவர் பக்கத்தில் உட்காரவேண்டிய ஆள் என்று என்னை நானே கணக்கில் வைத்திருந்தேன்.

"மாமா, நீங்களும்."

"நான் எப்ப நிறுத்தச் சொன்னேன்?"

"விழுப்புரம் தாண்டி கிலோமீட்டர் கல்லு பாக்கறதுக்கு ரெண்டு எடத்துல மெதுவா போகச் சொன்னீங்க."

டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே, "மூணு எடம்" என்றார்.

நான்கு ஐம்பத்தெட்டுக்குத் திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே வேன் நின்றது. பத்துப் பேர் இறங்கினோம். பூசணிக்காய், ஆரத்தித் தட்டு, புளிச்சோற்று மூட்டை, பக்கத்து வீட்டு அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு. மீனம்பாக்கத்தில் செய்வதாக இருந்த வழியனுப்பலை அங்கேயே செய்யலாம் என்று நாத்தனார் கற்பூரத்தைத் தேடினார். தீப்பெட்டி வேனிலேயே தங்கிவிட்டது. மருமகள் சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். நாத்தனார் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியை நோக்கி வீசினார். வேன் நகர்ந்துவிட்டது. பாதித் திருநீறு என் மனைவியின் மேல் விழுந்தது. மணி ஐந்து நான்கு.

மாப்பிள்ளை கையை உயர்த்தவில்லை. வேன் சரிவில் ஏறி மறையும் வரை நின்றார். பிறகு பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் இரண்டு பெஞ்சு காலியாக இருந்தன. பத்துப் பேரும் உட்கார்ந்தோம். டீக்கடைக்காரர் எங்கள் கையில் இருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார்.

"கல்யாணமாங்க?"

"ஏர்போர்ட்டுக்குப் போறோம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இனிமேல் எனக்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நாட்குறிப்பு மருமகளின் கையோடு வேனில் போய்விட்டது. தங்கை போனில் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து முப்பதுக்கு மேல்மருவத்தூர். ஆறு ஐந்துக்குச் செங்கல்பட்டு. எங்கேயும் நிற்கவில்லை என்று தங்கை சொன்ன விதத்தில், அவளுக்கே நிற்கவேண்டிய தேவை இருந்தது என்பது தெரிந்தது. ஆறரைக்குப் பெருங்களத்தூர். அதன் பிறகு வண்டி ஊர்கிறது என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெருங்களத்தூர்ல இருந்து எவ்ளோ ஆவும் மச்சான்?"

எனக்குத் தெரியும். மாலை ஆறரை மணிக்கு அந்த இடத்தில் எவ்வளவு ஆகும் என்று நான்கு முறை எழுதியிருக்கிறேன். குறைந்தது இருபத்திரண்டு நிமிடம், அதிகம் ஐம்பத்தொன்று. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அவருடைய மகளின் வேலை இருந்தது.

"போயிடுவா" என்றேன்.

"எவ்ளோ ஆவும்னு கேட்டேன்."

"எனக்குத் தெரியல மாப்ள."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. அது பொய் என்பது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் யாரும் புளிச்சோற்றைத் தொடவில்லை. அதுவே ஒரு செய்தி. வேனில் இருந்தால் செங்கல்பட்டு வருவதற்குள் இரண்டு முறை பிரித்திருப்பார்கள். இப்போது மூட்டை பெஞ்சில் இருந்தது, அவர்கள் எதிரே வரும் பேருந்துகளின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக அவருக்கு வாந்தி வரவில்லை.

ஆறு ஐம்பத்தேழுக்குத் தங்கை அழைத்தாள். வாசலில் இறங்கிவிட்டார்கள். மருமகள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். தங்கையை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு பேசுகிறாள். கூட்டத்தில் நீலப் பெட்டி மட்டும் தெரிகிறது, இப்போது அதுவும் தெரியவில்லை.

பிறகு பதினெட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மருமகளின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து சாலைவரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார். அவர் தம்பி, "கவுண்டரு மூடியிருந்தா இன்னேரம் வெளிய வந்திருக்கும்" என்றார். வாயை மூடு என்று அவர் மனைவி தொடையில் கிள்ளினாள்.

ஏழு பதினைந்துக்கு மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் அதை என்னிடம் நீட்டினார். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அப்பா, பொட்டி எடுத்துக்கினாங்க. சீட்டு குடுத்துட்டாங்க. உள்ள போய்க்கினு இருக்கேன்."

மாப்பிள்ளை குனிந்து போனுக்கு மிக அருகில் வாயை வைத்து, "சாப்ட்டியா?" என்றார்.

"மதியம் ஒம்போது வகை சாப்ட்டேனே அப்பா."

"சரி."

"எல்லாரும் எங்க இருக்கீங்க?"

"திண்டிவனத்துலதான்" என்று பத்துப் பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவள் சிரிப்பது கேட்டது. பிறகு பாதுகாப்புச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு புளிச்சோற்று மூட்டை தாங்கவில்லை. டீக்கடைக்காரருக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நாத்தனார் ஆரத்தித் தட்டை அவரிடம் நீட்டி, கற்பூரத்துக்கு நெருப்புக் கேட்டு, மெட்ராஸ் திசையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். பூசணிக்காயைச் சாலையில் உடைக்கப் போனவரைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் தடுத்தார். அதனால் அதையும் டீக்கடைக்காரருக்கே கொடுத்தோம். கூட்டு வைக்கலாம் என்றார் அவர்.

தங்கை வேனில் நேராக வளவனூருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். நாங்கள் அதற்காகக் காத்திருக்காமல் விழுப்புரம் பேருந்தில் ஏறினோம். கூட்டம் அதிகமில்லை. மாப்பிள்ளை முன்னால் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். நடத்துநர் வந்ததும் பணத்தை நீட்டினார்.

"விழுப்புரம். பன்னெண்டு."

நடத்துநர் சீட்டு அடிக்கத் தொடங்கினார். நான் அடுத்த சீட்டில்தான் இருந்தேன்.

"மாப்ள, பத்து" என்றேன்.

அவர் திரும்பி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பத்துங்களா, பன்னெண்டுங்களா?" என்றார் நடத்துநர்.

"பத்து" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு பேரு முன்னாடியே போய்ட்டாங்க."